மாநாட்டிலிருந்து என்ன கொண்டுவந்தேன்?

செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார இரயிலில் தாம்பரத்தில் ஏறி, மறைமலை நகரில் இறங்குவது என் அன்றாட வழக்கம். அங்கே ஒரு கல்லூரியில் நூலகராகப் பணியாற்றுகிறேன். ஒரு நாள் என் அருகில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், மறுநாள் நான் நூலகர் மாநாடு ஒன்றுக்குச் செல்ல இருப்பதை அறிந்து வியப்படைந்தார். "புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்தால் வாங்கி அடுக்கி வைக்கிற வேலைக்கு மாநாடு எதற்கு சார்?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார். ஆயினும் கூடுவாஞ்சேரி கடந்து, பொத்தேரி கடந்து, நான் இறங்கும் நிலையம் வரும்வரையில் அவருக்குத் தக்க விடை சொல்ல என்னால் இயலவில்லை. அன்று சொல்ல இயலாத விடையை இன்று நேயர்களாகிய உங்கள் முன் சொல்ல முயல்கிறேன்.

மருத்துவர்கள் மாநாடு கூட்டுகிறார்கள், பொறியாளர்கள் கூட்டுகிறார்கள், உழவர்களும் கூட்டுகிறார்கள். அவர்களைப் போலவே நூலகர்களும் கூடுகிறார்கள். இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1876ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நூலகர்கள் ஒன்றுகூடினார்கள். வந்தவர்கள் 103 பேர். அவர்களுள் பெண்கள் 13 பேர். அமெரிக்க நூலகச் சங்கம் அங்கேதான் பிறந்தது. நம் நாட்டிலும் 1919ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், பரோடாவைச் சேர்ந்த குடால்கர் தலைமையில், அனைத்திந்தியப் பொது நூலக மாநாடு நம் சென்னையிலேயே நடைபெற்றது. 1933ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய மாநாட்டில் இந்திய நூலகச் சங்கம் தோன்றியது.

இத்தகைய மாநாட்டில் என்ன நடக்கிறது? முதலில் மாநாட்டுக் குழுவினர் ஒரு பொருளை அறிவித்துக் கட்டுரைகள் கேட்பார்கள். வந்த கட்டுரைகளை அறிஞர்கள் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவற்றை இரண்டு அல்லது மூன்று நாட்களில், பல அமர்வுகளாகப் பிரித்துப் படிப்பார்கள். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் பத்து அல்லது பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதன்பின் கேள்வி கேட்கலாம். மண்டபத்துக்கு வெளியே நூல் வெளியீட்டாளர்களும், நூலகத்துக்கான கருவிகளையும் மென்பொருள்களையும் விற்பவர்களும் கடை விரித்திருப்பார்கள். இடையிடையே தேநீர் வழங்கப்படும். முடிவில் சான்றிதழ் கிடைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரிவது இவ்வளவே.

நான் சென்ற முதல் மாநாட்டில் எனக்குத் தெரிந்ததும் இவ்வளவே. வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. எங்கள் நூலகத்தில் எத்தனை ஆயிரம் நூல்கள் இருக்கின்றன, எத்தனை அலமாரிகள் இருக்கின்றன, எத்தனை இதழ்கள் வருகின்றன என்று கணக்கு எழுதி, அதையே கட்டுரை என்று படித்தேன். மேடையை விட்டு இறங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எல்லோருக்கும் பொதுவானது என்பது எனக்கு அப்போது தெரியாது. புதுப் பை ஒன்றும், சான்றிதழ் ஒன்றும், குறிப்பேடு ஒன்றும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலையில், எங்கள் நூலகத்தில் நூல் எடுத்துத் தரும் ஊழியர் என்னிடம் வந்தார். வயதில் எனக்கு மூத்தவர், அதிகம் பேசாதவர். "சார், நம்ம லைப்ரரிக்கு என்ன கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். நான் பையைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் வெறுங்கையோடு திரும்பியவன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அன்று முதல் எந்த மாநாட்டுக்குச் சென்றாலும் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே செல்கிறேன்.

மாநாட்டின் பயன் எங்கே இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்திய பழைய நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அது எங்கள் தாம்பரத்தோடும் ஒருவகையில் தொடர்புடையது. நூலக இயலின் தந்தை என்று நாம் போற்றும் சீர்காழி இரங்கநாதன் அவர்கள், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர். அக்காலத்தில் அக்கல்லூரி சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937ஆம் ஆண்டில்தான் தாம்பரத்து மரச்சோலைக்கு இடம் மாறியது. இரங்கநாதன் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். கணித ஆசிரியராக இருந்தவர் அவர். இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று, அந்நாட்டு நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். எண்ணற்ற நடைமுறைகளை அவர் கண்டிருந்தார். ஆனால் அவற்றை எல்லாம் சில அடிப்படை விதிகளுக்குள் அடக்க முடியுமா என்பது அவர் மனத்தை வாட்டிய வினாவாக இருந்தது. கணிதம் கற்றவர் அல்லரா? விதி இல்லாமல் அவரால் அமைதி கொள்ள முடியவில்லை.

1928ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, அவரைக் காண வந்த பேராசிரியர் ராஸிடம் தம் மனக்குறையைச் சொன்னார். புறப்படும் வேளையில் ராஸ் புன்முறுவலுடன், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதானே உம்முடைய முதல் விதி என்னும் கருத்துப்படச் சொல்லிவிட்டுப் போனாராம். முதல் விதி கிடைத்ததும் மற்ற நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் காலம் வீணாகாமல் காக்கப்பட வேண்டும். நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது. இவையே அந்த விதிகள். அவ்வாண்டு டிசம்பர் திங்களில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடைபெற்ற மாகாணக் கல்வி மாநாட்டையொட்டி இரங்கநாதன் இவ்விதிகளை எடுத்து விளக்கினார். 1931ஆம் ஆண்டில் அவை நூலாக வெளிவந்தன. இன்று உலகில் நூலக இயல் கற்கும் மாணவர்கள் இவ்விதிகளை அறியாமல் இருப்பதில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாநாட்டு மேடையில் அந்த ஐந்து விதிகளும் ஊரறிய ஒலித்தன. ஆனால் முதல் விதி பிறந்த இடம் மேடையன்று. விடைபெறும் வேளையில், இருவர் பேசிய பேச்சில் அது பிறந்தது. தீராத கேள்வி ஒன்றை மனத்தில் வைத்திருந்தவரும், அதைப் பொறுமையாகக் கேட்க ஒருவரும் இருந்தமையால் அது பிறந்தது. மாநாடு என்பது இப்படிப்பட்ட சந்திப்புகள் நிகழ்வதற்காக நாம் போட்டுவைக்கும் பந்தல் என்றே நான் கருதுகிறேன்.

என் அனுபவமும் அதுவே. எங்கள் நூலகத்தில் ஒரு காலத்தில் நூல்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிகளில் பூட்டப்பட்டிருந்தன. மாணவர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஊழியர் சாவி கொண்டுபோய் எடுத்து வர வேண்டும். கேட்ட நூல் வேறு, வந்த நூல் வேறு என்று திரும்பிப் போன மாணவர்கள் பலர். இது தவறு என்பது எங்களுக்குத் தெரியாததன்று. ஆனால் ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் நூல் குறைந்தால் யார் பணம் கட்டுவது? அந்த அச்சந்தான் பூட்டு. காணாமற்போகும் நூலுக்கு நூலகப் பணியாளரே பொறுப்பு என்னும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்தது. என்னை முதன்முதலில் கேள்வி கேட்ட அந்த மூத்த ஊழியருக்குச் சம்பளம் குறைவு; வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மூவர். அலமாரியைத் திறக்கலாமா என்று நான் பேச்செடுத்தாலே அவர் முகம் வாடிவிடும்.

ஒரு மாநாட்டில் தேநீர் வேளையில் வேறொரு மாவட்டத்துக் கல்லூரி நூலகரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் நூலகமும் இப்படித்தான் இருந்தது. எல்லா அலமாரியையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். இரண்டை மட்டும் திறந்து ஓராண்டு கணக்கு எழுதுங்கள். எத்தனை நூல் தொலைந்தது என்று மட்டும் எழுதாதீர்கள், எத்தனை நூல் படிக்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதி நிர்வாகத்தாரிடம் காட்டுங்கள்" என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மாநாட்டில் படிக்கப்பட்ட கட்டுரைகளில் ஒன்றுகூட இப்போது என் நினைவில் இல்லை. அவர் சொன்ன யோசனை மட்டும் நினைவில் இருக்கிறது.

அவ்வாறே செய்தோம். ஓராண்டு முடிவில் சில நூல்கள் குறைந்திருந்தன, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு அலமாரிகளிலிருந்து மாணவர்கள் எடுத்துப் படித்த நூல்களின் எண்ணிக்கை, மற்ற அலமாரிகளை எல்லாம் வெட்கப்பட வைத்தது. இரு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, நியாயமான அளவுக்குட்பட்ட இழப்பை நிர்வாகமே ஏற்கும் என்று எழுத்தில் ஆணை வழங்கினார். அந்த ஆணையை நான் படித்துக் காட்டியபோது மூத்த ஊழியர் ஒன்றும் பேசவில்லை. மற்ற அலமாரிகளின் சாவிக்கொத்தையும் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார்.

மாநாடு பெரிதாக இருந்தால்தான் பயன் பெரிது என்று எண்ணிவிடலாகாது. 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரில் நூற்பகுப்பைப் பற்றி ஒரு பன்னாட்டு ஆய்வு மாநாடு நடந்தது. இரங்கநாதனும் அதில் கலந்துகொண்டார். கூடியவர்கள் சிறு தொகையினரே. ஆனால் ஒரு பொருளை அதன் பல கூறுகளாகப் பிரித்துப் பகுக்கும் முறையைத் தகவல் தேடும் துறைக்கு அடித்தளமாக ஏற்கலாம் என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. நூலக இயல் வரலாற்றில் டார்க்கிங் என்ற அந்தச் சிற்றூரின் பெயர் இன்றும் நிற்கிறது. ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பார். சிறு கூட்டத்திலோ எல்லோரும் பேசுவர், எல்லோரும் கேட்பர்.

இனி, என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகள் மாநாடுகளுக்குச் சென்றவன் நான் ஒருவனே. எங்கள் நூலகத்தில் உதவி நூலகராக ஓர் அம்மையார் இருக்கிறார். நூல் வழங்கும் மேசையில் காலை முதல் மாலை வரை இருப்பவர் அவர்தாம். ஒவ்வொரு முறையும் நான் மாநாட்டுக்குப் புறப்படும்போது, நூலகத்தைப் பூட்டாமல் நடத்துபவரும் அவரே. "நீங்க போயிட்டு வாங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்பார். அதை அவருடைய நல்லியல்பு என்று எண்ணி மகிழ்ந்தேனே தவிர, அவரும் செல்ல விரும்பக்கூடும் என்று ஒரு நாளும் எண்ணவில்லை. 1876ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியாவில் 13 பெண்கள் கூடியிருந்தார்கள் என்பதைப் பல மேடைகளில் எடுத்துச் சொன்னவன் நான். என் நூலகத்தில் இருந்த ஒருவரை அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

ஓர் ஆண்டு, உடல்நலக் குறைவால் என்னால் செல்ல இயலவில்லை. பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. அந்த அம்மையாரை அனுப்பினேன். மூன்று நாள் மேசையில் நானே உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் பார்வையற்ற மாணவர் ஒருவர் நண்பரின் தோளைப் பிடித்தபடி வந்தார். நண்பர் மெல்லிய குரலில் நூலை வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் நண்பருக்கு வகுப்பு வந்துவிட்டது. நூலை மூடிவிட்டு இருவரும் எழுந்து போனார்கள். "தம்பி தினமும் இப்படித்தான் வருவீர்களா?" என்று கேட்டேன். "இரண்டு வருஷமா வர்றேன் சார்" என்றார். உள்ளறையில் அமர்ந்திருந்த என் கண்ணுக்கு அவர் இரண்டு ஆண்டுகளாகத் தெரியவில்லை.

அம்மையார் திரும்பி வந்தார். நான் கேட்கும் முன்னரே ஒரு தாளை என்னிடம் நீட்டினார். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. அது தமிழையும் வாசிக்கும். அச்சு நூலின் பக்கங்களைப் படம் எடுத்து எழுத்தாக மாற்றிவிட்டால், பார்வையற்றவர் பிறர் துணையின்றிப் படிக்கலாம். இவ்விவரங்கள் அத்தாளில் இருந்தன. நூலை இப்படி மாற்றுவது பதிப்புரிமைக்கு மாறாகாதா என்பதையும் அவர் கேட்டு வந்திருந்தார். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, இலாப நோக்கமின்றி நூல்களை இவ்வாறு மாற்ற இடம் தருகிறது. இதே நோக்கத்துடன் 2013ஆம் ஆண்டில் மராக்கேஷ் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை, 2014ஆம் ஆண்டில் முதல் நாடாக ஏற்று உறுதி செய்ததும் இந்தியாவே. அந்த அம்மையார் மாநாட்டில் கட்டுரை படிக்கவில்லை. இந்த ஒரு கேள்வியைத்தான் மூன்று நாளும் பார்த்தவர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறார்.

"இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?" என்றேன். "இதுக்கு ஒரு வழி இருக்குன்னே எனக்குத் தெரியாதே சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. மேசையில் இருப்பவருக்குக் கேள்வி தெரியும். விடை கிடைக்கும் இடம் தெரியாது. மாநாட்டுக்குச் செல்பவருக்கு விடை கிடைக்கும் இடம் தெரியும், கேள்வி தெரியாது. இருவரையும் பிரித்து வைத்திருந்தவன் நான்.

இன்று எங்கள் நூலகத்தின் ஒரு மூலையில் கணிப்பொறி ஒன்றும், காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றும் இருக்கின்றன. மாற்றிய எழுத்தில் பிழை மிகுதி. அவற்றைத் திருத்த மாணவர்கள் சிலர் முறை வைத்து உதவுகிறார்கள். வேலை மெதுவாகவே நடக்கிறது. ஆனால் அந்த மாணவர், நண்பர் வகுப்புக்குப் போன பிறகும் உட்கார்ந்து படித்தார்.

நான் பணிபுரியும் ஊரின் பெயரை எண்ணிப் பார்க்கிறேன். மறைமலையடிகள் பெயரால் அமைந்த ஊர் இது. பல்லாவரத்தில் வாழ்ந்த அடிகள், தாம் ஈட்டிய பொருளில் பெரும்பகுதியை நூல் வாங்கச் செலவிட்டு, அரிய நூலகம் ஒன்றைத் திரட்டினார்கள். 1950ஆம் ஆண்டில் அவர்கள் மறைந்தபின், அந்நூல்கள் 1958ஆம் ஆண்டில் அவர்கள் பெயரால் சென்னையில் பொதுமக்களுக்குரிய நூலகமாயின. ஒருவர் திரட்டிய அறிவு பலருக்கும் சென்று சேர வேண்டும் என்பதன்றோ அதன் பொருள்? மாநாட்டில் திரட்டியதற்கும் இதுவே முறை.

ஆகவே, என்னைப் போன்ற பொறுப்பில் இருப்பவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, மாநாட்டுக்குப் புறப்படுமுன் மேசையில் இருப்பவரிடம், "எந்தக் கேள்விக்கு விடை வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, திரும்பி வந்த வாரத்திலேயே எல்லாப் பணியாளரையும் ஒரு மணி நேரம் கூட்டிக் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள். தாளில் எழுதி வைத்தால் இன்னும் நன்று. மூன்றாவது, ஒருமுறை நீங்கள் சென்றால், மறுமுறை வேறொருவரை அனுப்புங்கள். பணம் இல்லை என்று சொல்ல இப்போது இடமில்லை. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் அடைத்தபோது, இருந்த இடத்திலிருந்தே திரை வழியாகக் கூடும் பழக்கம் எங்கும் பரவியது. தேநீர் வேளைப் பேச்சு அதில் கிடைக்காது என்பது மெய்தான். ஆயினும் ஒருவருமே செல்லாமல் இருப்பதைவிட, நூலகத்தில் உள்ள எல்லோரும் ஒன்றாக அமர்ந்து கேட்பது எவ்வளவோ மேலானது.

இரயிலில் என்னைக் கேள்வி கேட்ட அந்த அன்பரை மீண்டும் சந்தித்தால் இப்படிச் சொல்வேன். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது எளிய வேலைதான், ஐயா. ஆனால் எடுத்துக் கொடுத்தும் படிக்க முடியாதவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார். அவரைத் தேடிக்கொண்டுதான் மாநாட்டுக்குப் போகிறோம்.